யாரைக் கேட்டுப் பிரித்தாய்?

மூன்று வாரமாக அழுதுகொண்டிருந்த கலைமதிக்கு அன்று காலையில்தான் கோபம் வந்தது.

காரணம் ஒரு ஸ்டிக்கர். விரல் நகத்தின் அளவுகூட இல்லாத வெள்ளி நிற ஸ்டிக்கர்.

அவளுடைய லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவின் தலையை மூடியபடி அது ஒட்டியிருந்தது. லேப்டாப் செய்த கம்பெனியே ஒட்டியது. அதைக் கிழிக்காமல் அந்த ஸ்க்ரூவைக் கழற்ற முடியாது. ஸ்க்ரூவைக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறக்க முடியாது.

ஸ்டிக்கர் கிழியவில்லை. அதன் ஓரம்கூடத் தூக்கியிருக்கவில்லை.

நேற்று சாயங்காலம் ராஜ்கமல் லேப்டாப் பையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னது அவள் காதில் அப்படியே இருந்தது.

"பாண்டிச்சேரி கடையில முழுசா பிரிச்சுப் பார்த்துட்டாங்க கலை. உப்புக்காத்து உள்ள பூந்து போர்டையே அரிச்சுட்டுதாம். இனிமே தேறாதுன்னு சொல்லிட்டான். விட்டுடு."

அவள் அவன் மனைவி. நம்பினாள். சுவிட்சைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கலைமதி திண்டிவனத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் இருந்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, இங்கே காதில் கேட்டு வார்த்தை தவறாமல் டைப் அடித்து அனுப்பும் வேலை. அந்தச் சம்பளத்தில் சேர்த்து வைத்து வாங்கிய லேப்டாப் இது. போன ஆவணியில் மரக்காணத்துக்கு மருமகளாக வந்தபோது நகைப்பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, லேப்டாப் பையைத்தான் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனி சம்மதித்தது. சுனாமிக்குப் பிறகு மாமனாரின் உப்பளத்தில் சேறு வாரிக்கொண்டிருந்த மாதங்களில்கூட அவள் வேலை தடங்கலில்லாமல் நடந்தது. சித்திரை பிறந்ததும் வினை ஆரம்பித்தது. வெயில் ஏற ஏற லேப்டாப் கொதித்தது. டைப் அடிக்கும்போதே விரல் சுட்டது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் பட்டென்று அணைந்துபோகும். அடித்ததெல்லாம் போகும். மறுபடி ஆரம்பித்தால் மறுபடி அணையும்.

"நான் கொண்டுபோய்க் காட்டுறேன், குடு" என்று ராஜ்கமல் வாங்கிக்கொண்டு போனான். இன்று நாளை என்று மூன்று வாரம் போயிற்று.

முந்தாநாள் சென்னையிலிருந்து சூப்பர்வைசர் அனுஷியா போன் செய்திருந்தாள்.

"கலைமதி, என்னால இதுக்கு மேல சமாளிக்க முடியல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு ஃபைலாவது வரணும். இல்லைன்னா உங்க ஐடியை குளோஸ் பண்ணச் சொல்லிட்டாங்க."

இன்று வெள்ளிக்கிழமை.

செத்துப்போன லேப்டாப்தானே, அரித்துப்போன போர்டைக் கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்றுதான் அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருப்பினாள். ஸ்டிக்கர் கண்ணில் பட்டது.

"மாமா!"

அவள் அப்படிக் கத்தி அந்த வீடு கேட்டதில்லை. விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விட்டு வந்து பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்த மாமனார் தெய்வசிகாமணி, ஈரக்காலோடு ஓடி வந்தார். மாமியார் இறந்து பல வருஷமான வீடு. ராஜ்கமலின் அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள், கணவன், மாமனார், மூன்றே பேர்தான்.

"இன்னாம்மா? கரண்ட் கிரண்ட் அடிச்சுடுச்சா?"

"இந்த ஸ்டிக்கரைப் பாருங்க மாமா. கிழிஞ்சிருக்குதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இல்லியே."

"யாராச்சும் எடுத்துட்டுத் திருப்பி ஒட்டினாப்பல இருக்குதா?"

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அதெல்லாம் இல்ல. ஒட்டினது ஒட்டினபடி இருக்குது. ஏன்?"

"இதைக் கிழிக்காம உள்ள பார்க்கவே முடியாது மாமா. அந்தக் கடைக்காரன் தொறக்கவே இல்ல. தொறக்காமலே போர்டு அரிச்சுட்டுதுன்னு சொல்லியிருக்கான். மூணு வாரம் வெச்சுகினு!"

தெய்வசிகாமணி ஸ்டிக்கரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவருக்கும் கோபம் ஏறியது.

"கிழி அதை. இன்னாதான் இருக்குதுன்னு பார்த்துடலாம்."

கிழித்தாள். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். அடிமூடி விலகியது.

உள்ளே சின்ன விசிறி ஒன்று. அதன் வாயில், சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக மெல்லிய உலோகத் தகடுகள். சிப்பின் சூட்டை அந்தத் தகடுகள் வாங்க வேண்டும், விசிறி அதை வெளியே தள்ள வேண்டும். ஆனால் தகடுகளே தெரியவில்லை. தூசியும் தலைமுடியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித்துணி மாதிரி அடைத்திருந்தது. கலைமதி புருவம் திருத்தும் சிமிட்டாவால் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். முழுசாக உரிந்து வந்தது.

"காத்து போறதுக்கு வழியே இல்ல பாருங்க."

தெய்வசிகாமணி கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போர்டைப் பார்த்தார்.

"உப்பு அரிச்சா இரும்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? என் பம்ப்செட்டு போல்ட்டுல கை வெச்சா மாவா உதிருது. இது மோதிரமாட்டம் மின்னுது. எவன்மா சொன்னான் உப்புன்னு? மரக்காணத்துலேர்ந்து வந்தா எல்லாத்துக்கும் உப்புன்னு சொல்லி அனுப்பிடுவானா?"

கலைமதி விசிறியையும் தகடுகளையும் சேர்த்துத் தூக்கினாள். அடியில் இருந்தது அவள் தேடிய கோளாறு. சிப்புக்கும் அதன்மேல் உட்காரும் உலோகத்துக்கும் நடுவே சூட்டைக் கடத்துவதற்காக வைத்திருந்த பசைத்துண்டு காய்ந்து ரொட்டித்தூளாகக் கொட்டியது. சிப் தனியாக வெந்துகொண்டிருந்தது. அதன் சூடு விசிறிக்குப் போய்ச் சேரவே இல்லை.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும் மாமா. அந்தப் பசைக்குப் பதிலா வைக்க பேஸ்ட் வேணும். பாண்டிச்சேரிக்குப் போகணும்."

"அந்தக் கடைக்கே போலாம்" என்றார் தெய்வசிகாமணி. கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை உருவினார். "பேஸ்டும் அவன்கிட்டயே வாங்கலாம். வா."

பஸ்ஸில் அவர் கடைக்காரனிடம் என்ன பேசப்போகிறார் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரர்களும் கேட்கும்படி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கலைமதி லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எவனோ முகம் தெரியாத ஒருவன், சோம்பேறித்தனத்தால், அவளுடைய வேலையை முடித்துவிடப் பார்த்தான். வீட்டில் உப்புக்காற்று வரும் ஜன்னல் பக்கத்தில் வைத்து வேலை செய்தது தன் தப்புதான் என்று நேற்று ராத்திரி எத்தனை முறை தன்னையே திட்டிக்கொண்டாள்!

நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. ராஜ்கமல் சொன்ன அடையாளம்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தெய்வசிகாமணி முதலில் நுழைந்தார். உப்பளத்தில் நான்கு பாத்திக்கு அப்பால் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

"யாருப்பா இங்க ஓனரு?"

"நான்தாங்க. பலராமன். உக்காருங்க சார்."

"உக்கார வரல. மூடின பொட்டியைத் தொறக்காமலே உள்ள இருக்கறது செத்துப்போச்சுன்னு சொல்ற வித்தையை எங்கப்பா கத்துகினே?"

கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பலராமன் விழித்தார்.

கலைமதி லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மூணு வாரம் உங்ககிட்ட இருந்துச்சு சார். பிரிச்சுப் பார்த்தோம், போர்டு அரிச்சுட்டுதுன்னு சொல்லியிருக்கீங்க. காலையில வரைக்கும் இதுல ஸ்டிக்கர் கிழியல. நான்தான் கிழிச்சேன். உங்களால எனக்கு வேலையே போகப்போவுது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

பலராமன் லேப்டாப்பைத் திருப்பினார். மறுபடி நேராக வைத்தார்.

"மேடம், இந்த மெஷின் எங்க கடைக்கு வந்ததே இல்லைங்க."

"இன்னும் பொய் சொல்லாதீங்க!"

"பொய் இல்லைங்க. இங்க வர்ற மெஷினுக்கு மொத வேலையா நம்பர் ஒட்டிடுவோம். அங்க பாருங்க."

பின்னால் ஷெல்ஃபில் வரிசையாக லேப்டாப்புகள். எல்லாவற்றிலும் மஞ்சள் டேப்பில் நம்பர். அவளுடையதில் அப்படி ஒட்டிய தடம்கூட இல்லை.

"யார் கொண்டாந்து குடுத்தாங்க?" என்று பலராமன் கேட்டார்.

"என் வீட்டுக்காரர். ராஜ்கமல்னு பேரு. மரக்காணம்."

பலராமன் யோசித்தார். "மரக்காணம்... ஒல்லியா, உயரமா, உப்பு மண்டியில வேலைன்னு சொன்னாரே, அவரா? வந்தாருங்க. ஆனா மெஷின் கொண்டு வரல. லேப்டாப் சூடாகி நின்னு நின்னு போவுது, சரி பண்ண முடியுமான்னு மட்டும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"கொண்டாங்க சார், தூசி அடைச்சிருக்கும், பேஸ்ட் மாத்தணும், ஒரு மணி நேர வேலைன்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டுப் போனாரு. அப்புறம் இந்தப் பக்கம் வரல."

தெய்வசிகாமணி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஏ.சி. ஓடும் கடையில் அவருக்கு வியர்த்தது.

"தம்பி, தெரியாம பேசிட்டேன். மன்னிச்சுக்கோப்பா."

"அட, விடுங்க சார்."

கலைமதி லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஒரே தடவையில் மூடவில்லை.

"தெர்மல் பேஸ்ட் இருக்குதா சார்?"

"இருக்குது. அரை மணி உக்காருங்க மேடம், நானே போட்டுத் தர்றேன்."

"வேணாம். பேஸ்ட் மட்டும் குடுங்க. இனிமே இது என் கையை விட்டு எங்கேயும் போகாது."

திரும்பும் பஸ்ஸில் தெய்வசிகாமணி துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். அனுமந்தை தாண்டியதும், "அந்தப் பய வரட்டும் இன்னிக்கு. நான் பெத்ததுதானே அது..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, இப்ப எதுவும் பேசாதீங்க" என்றாள் கலைமதி. "எனக்குக் கோபம் வந்தா கை நடுங்குது. சாயங்காலம் வரைக்கும் எனக்கு என் கை வேணும்."



வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. மேஜைமேல் பழைய பேப்பரை விரித்து மறுபடி எல்லாவற்றையும் பிரித்தாள். தகடுகளின் இடுக்குகளைப் பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். காய்ந்த பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். சிப்பின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. பேஸ்ட் தடவி உலோகத்தை மேலே பொருத்தினாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

பேஸ்ட் கலையவே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

"இன்னா ஆச்சு?"

"பழைய பசைத்துண்டு தடியா இருந்துச்சு மாமா. அதை எடுத்துட்டதால நடுவுல சந்து விழுது. பேஸ்டால அந்தச் சந்தை அடைக்க முடியாது. மெலிசா ஒரு தாமிரத் தகடு இருந்தா நடுவுல வெச்சுடலாம். சிப்போட சூட்டைத் தாமிரம் இழுத்துக்கும். முன்னால இருந்ததைவிட நல்லாவே வேலை செய்யும்."

தெய்வசிகாமணி எழுந்து பம்ப் கொட்டகைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் பழைய மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. அதன் உள்ளேயிருந்து பச்சை பூத்த தாமிரப் பட்டை ஒன்றைப் பிடுங்கி எடுத்தார்.

"இது ஆகுமா?"

"ஆகும். கொஞ்சம் தடியா இருக்குது. தேய்க்கணும்."

அவள் அளவு குறித்துக் கொடுத்தாள். அவர் கத்தரித்து, கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்ப்பார், கொடுப்பார். அவள் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் மாமா. தடியா இருந்தா இறுக்கும்போது சிப் உடைஞ்சுடும்." மறுபடி தேய்ப்பார். மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தத் தகட்டிடம் சொல்வதுபோல அழுத்தித் தேய்த்தார். கடைசியில் தகட்டின் இரண்டு பக்கமும் பேஸ்ட் ஒரே சீராகப் பதிந்தபோது கலைமதி முதல்முறையாக மூச்சை விட்டாள். தாமிரம் வேறு எதையும் தொட்டுவிடாதபடி சுற்றிலும் டேப் ஒட்டினாள்.

அடுத்தது அடிமூடி. விசிறிக்கு நேராக நான்கு மெல்லிய கீறல்கள்தான் இருந்தன. ஏ.சி. அறைக்குப் போதும். மரக்காணத்து வைகாசிக்கு அது எம்மாத்திரம்? கத்தியை அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்து, அந்தக் கீறல்களைச் சேர்த்துச் சதுரமாக வெட்டி எடுத்தாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கூடம் முழுக்க நிறைந்தது.

"ஓட்டை போட்டா காத்தோட உப்புத்தூசியும் பூந்துடாது?"

"கொசுவலைக் கம்பி வெச்சு அடைச்சுடுவேன் மாமா. வாரம் ஒரு தடவை வலையை எடுத்துக் கழுவினா போதும்."

பின்பக்கம் இரண்டு ரப்பர் புஷ்களை ஒட்டி லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கி வைத்தாள். மூடினாள். சுவிட்சை அழுத்தினாள்.

விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வெளியே வரும் காற்றில் கையை வைத்தாள். சூடாக வந்தது. உள்ளே அடைந்து கிடந்த சூடு இப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது.

திரையின் மூலையில் டிகிரி காட்டும் எண் ஓடியது. முன்பெல்லாம் அது தொண்ணூறைத் தாண்டும், அடுத்த நிமிஷம் அணைந்துவிடும். ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. தெய்வசிகாமணி மூக்குக்கண்ணாடியோடு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அறுபத்து நான்கில் நின்றது. மேலே ஏறவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

"இதுக்கா மூணு வாரம் இந்தப் பொண்ணை அழ வெச்சான்?" என்று யாரையோ கேட்டுக்கொண்டே அவர் வாசலுக்குப் போனார்.

டெலிபோன் ஒயரை லேப்டாப்பில் செருகி, டயல்-அப் கனெக்‌ஷன் போட்டு, ஃபைலை இறக்கவே ஒரு யுகம் ஆயிற்று. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எங்கோ அமெரிக்காவில் ஒரு டாக்டர் எதையோ மென்றபடியே ஒரு முதியவரின் இதய ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் விரல்கள் ஓடின. லேப்டாப் அணையவில்லை.

ராஜ்கமல் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தான். செருப்பைக் கழற்றும்போதே டைப் அடிக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது. கூடத்துக்குள் வந்தவன் மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரையும் வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டையும் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பையும் பார்த்தான்.

"இன்னா இது? யாரைக் கேட்டுப் பிரிச்சே?"

அவள் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை நகர்த்தினாள்.

"ஆறு மணி வரைக்கும் எனக்கு வேலை இருக்குது. அதுவரைக்கும் உக்காருங்க."

"நான் கேக்கறேன், நீ..."

"உக்காருடா" என்றார் வாசலிலிருந்து வந்த தெய்வசிகாமணி.

அவன் உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் அப்பா. அவள் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் ஏதோ தெரிந்துபோய்விட்டது என்பது அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க ராஜ்கமலுக்குப் புரிந்தது. எழுந்து போகவும் முடியாமல், பேசவும் முடியாமல் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான்.

அடித்து முடித்தபோது ஆறாகக் கொஞ்ச நேரமே இருந்தது. மறுபடி கனெக்‌ஷன் போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அறுந்தது. மூன்றாவது முறை கிடைத்தது. ஃபைல் நகர ஆரம்பித்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப கேளுங்க."

"இல்ல கலை... கடையில அவன் சொன்னதைத்தான்..."

"பலராமன் கடைக்குப் போயிட்டு வந்தோம்" என்றார் தெய்வசிகாமணி. "நானும் இதுவும். உன் பொய்யைக் கேட்டு, முன்னபின்னத் தெரியாத மனுஷனைக் கடையில நாலு பேருக்கு முன்னால திட்டிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

ராஜ்கமல் தலையைக் குனிந்தான். சட்டென்று நிமிர்ந்தான்.

"ஆமா, காட்டல. இப்ப இன்னா? மண்டியில என்னை எப்படிக் கூப்பிடறாங்க தெரியுமாப்பா? இங்கிலீஷ்காரி புருஷன்! இவ சம்பளம் என் சம்பளத்தைத் தாண்டிப் போவுதுன்னு ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல. எப்பப் பார்த்தாலும் காதுல அதை மாட்டிகினு உக்காந்திருக்குறா. தானா நின்னுபோச்சு. நிக்கட்டும்னு விட்டேன். நான் உடைச்சேனா?"

"மூணு வாரம் ஒளிச்சு வெச்சுட்டு உடைச்சேனான்னா கேக்கறீங்க?" கலைமதி எழுந்துவிட்டாள். "பேச ஆள் இல்லைன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். வேலையை விடுன்னாவது நேரா சொல்லியிருக்கணும். சண்டை போட்டிருப்பேன். கோவிச்சுகினு திண்டிவனத்துக்குப் போயிருப்பேன். அதுல ஒரு மரியாதை இருந்திருக்கும்."

"கலை..."

"ஒளிச்சு வெச்சதைக்கூட மறந்துடுவேங்க. என் தப்பாலதான் பாழாப்போச்சுன்னு நான் அழுதேனே, நேத்து ராத்திரி பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிவிட்டீங்களே. தண்ணி கொண்டாந்து குடுத்தீங்களே. போனா போவுது, உன் மேல தப்பில்லன்னு சொன்னீங்களே. அந்தத் தண்ணியை நான் வாங்கிக் குடிச்சேனே!"

அவள் அழவில்லை. வந்ததெல்லாம் கோபம்.

ராஜ்கமலின் கண் டெலிபோன் ஒயருக்குப் போயிற்று. ஃபைல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் கை லேசாக அசைந்தது. வேறெதற்காகவோ இருக்கலாம்.

"தொட்டே, கையை உடைச்சுடுவேன்" என்றார் தெய்வசிகாமணி.

அவன் கையை இழுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "பிடுங்கறதுக்குப் போகலப்பா."

அவன் சொல்வதை இந்த வீட்டில் இனி எது வரைக்கும் நம்பலாம் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

ஃபைல் எவ்வளவு போயிற்று என்று திரையில் காட்டும் கோடு முழுசாக நிரம்பியது. ஃபைல் போய்ச் சேர்ந்தது. ஒரு நிமிஷத்துக்குள் அனுஷியாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'கிடைத்தது. திங்கள் முதல் வழக்கம் போல் ஃபைல் வரும். நல்லவேளை.' கலைமதி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கனெக்‌ஷனைத் துண்டித்து, ஒயரைப் பிடுங்கி டெலிபோனிலேயே திரும்பச் செருகினாள்.

"இத்தினி நாள் எங்கடா வெச்சிருந்தே இதை?" என்று தெய்வசிகாமணி மகனைக் கேட்டார். "வீட்டுல இல்ல. மண்டியிலயும் இல்ல, நான் தினம் அங்க வர்றேன். எங்க இருந்துது?"

மண்டியில் கிண்டல் செய்தார்கள் என்பதைச் சொல்ல முடிந்த ராஜ்கமலால் இதைச் சொல்ல முடியவில்லை.

"கேக்கறேன் இல்ல?"

டெலிபோன் அலறியது. லைன் எப்போது காலியாகும் என்று யாரோ காத்திருந்து அடித்த மாதிரி இருந்தது. ராஜ்கமல் பாய்ந்தான். ஆனால் டெலிபோன் தெய்வசிகாமணியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்லக்கூட அவகாசம் தராமல் அந்தப் பக்கத்திலிருந்து பெண் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி படபடத்தது.

"டேய் தம்பி, எவ்ளோ நேரமா அடிக்கறேன், என்கேஜாவே இருக்குது! அந்தப் பொட்டியை எடுத்துகினு போயிட்டியே, அவ ஏதாச்சும் கண்டுபிடிச்சுட்டாளா? என் வீட்டுலதான் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. நான் எதுக்கு அப்படிப் பண்ணச் சொன்னேன்னு அவ கேட்டா, என்னால பதில் சொல்ல முடியாது. கேக்குதா?"

கீழ்புத்துப்பட்டில் வாழ்க்கைப்பட்ட அவருடைய மூத்த மகள் சத்யப்ரியாவின் குரல். அத்தனை வேகத்தில் கேட்டாலும் பெற்றவருக்குத் தெரியாதா?

தெய்வசிகாமணி மகனை ஒருமுறை பார்த்தார். அவன் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி? ஏன்டா பேச மாட்டேன்ற?" என்றது ரிசீவர். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

தெய்வசிகாமணி ரிசீவரைக் கலைமதியிடம் நீட்டினார்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"தம்பி இல்ல அண்ணி, நான்தான் பேசறேன்" என்றாள். "எதுக்குன்னு சொல்லுங்க. நான் கேட்டுகினு இருக்கேன்."